எரிந்து அணைய வேண்டியது

சாவியை முதல் தட்டு திருப்பினால்
சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.
இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும்.
புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில்
அம்புரோஸிடம் மேட்டடோரை வாங்கிய அன்று
எரியவே இல்லை.
தொல்லை இல்லாத வண்டி என்று
சந்தோஷப்பட்டேன்.

பதினோரு நாள் ஐஸ் ஏற்றினேன்,
கடலூர் முதுநகரிலிருந்து துறைமுகத்துக்கு,
நடைக்கு முப்பது பார்.
பன்னிரண்டாம் நாள் விடிகாலை
பாலத்தில் முன்னால் லாரி மடக்க முடியாமல் நின்றது.
ஸ்லோவில் விட்டுக் காத்திருந்தேன்.
சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம்:
பித்தளைச் சொம்பில்
யாரோ புளியங்கொட்டை உருட்டுகிறார்கள்.
ஆக்சிலேட்டரைத் தொட்டால் நிறுத்தினார்கள்.
காலை எடுத்தால் மறுபடி.

செம்மண்டலத்தில் கலிவரதன்
டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.
"பல்பையே புடுங்கிட்டு வித்திருக்கான்யா."
பத்து ரூபாய் பல்ப் ஒன்றை மாட்டினான்.
எரிந்தது.
வண்டி சூடேறி ஸ்லோவில் நின்றபோதும்
எரிந்துகொண்டே இருந்தது.
"பேரிங் போச்சு. கிராங்க்க எறக்கணும்.
நாப்பத்தஞ்சாயிரம் வரும்."
சாயங்காலம் மழை வரும் என்பதுபோலச் சொன்னான்.

நாற்பத்தைந்து என்னிடம் இல்லை.
அதனால்தான் சந்தேகப்பட்டேன்,
அறிவினால் அல்ல.
பல்புக்குச் சேதி சொல்லும் சென்சார்
பொய் சொல்லலாம் இல்லையா?
பாகூர் டிராக்டர் பட்டறையில்
இரண்டு மணி நேரக் கடனாக ஒரு கேஜ் வாங்கி வந்தேன்.
சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில்
செம்புக் குழாயை முறுக்கினோம்.
குளிரில் ஐம்பத்திரண்டு.
தேவனாம்பட்டினம் வரை ஓட்டிவிட்டு வந்தால்
ஸ்லோவில் ஐந்து.
முள் நடுங்கியது.
பல்ப் சொன்னது நிஜம்.

"வால்வு ஸ்பிரிங்குக்கு வாஷர் குடு, முள்ளு ஏறும்"
என்றார் பக்கத்து ஆட்டோக்காரர்.
"ஓடும்போது ஏறும். நிக்கும்போது ஏறாது"
என்றான் கலிவரதன்.
அந்த ஒரு பதிலுக்காக
அவனை மறுபடி நம்ப ஆரம்பித்தேன்.

ஐஸ் ரசீதுகளின் முதுகில்
தினமும் ஆயில் அளவு குறித்திருந்தேன்.
வாங்கிய அன்று: நடுக்கோடு.
ஐந்தாம் நாள்: மேல்கோடு.
பன்னிரண்டாம் நாள்: அதற்கும் மேலே ஒரு விரல்.
நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.
பழைய வண்டி ஆயிலைக் குடிக்கும் என்பார்கள்,
இது குடிக்காத வண்டி என்று
அதற்கும் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

குச்சியை முகர்ந்தேன்.
டீசல் வண்டியில் எல்லாமே டீசல்தான் நாறும்;
மூக்கை நம்ப முடியாது.
விரலில் தேய்த்தேன்.
வழவழப்பு இல்லை, ரசம்போல் ஓடியது.
கலிவரதன் சுவரிலிருந்து
சனிக்கிழமையைக் கிழித்தான்.
நல்ல நேரத்துக்கும் ராகுகாலத்துக்கும் நடுவே
ஒரு சொட்டு விட்டான்.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம்.
நடுவில் கறுப்பு.
அதைச் சுற்றி ராகுகாலத்தையும் தாண்டி
வெளுத்த மஞ்சளாய் ஒரு வளையம்
இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

அவன் எதுவும் பேசவில்லை.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரை எடுத்து
ஃபீட் பம்பைக் கழற்றினான்.
உள்ளே தண்டு தேய்ந்து
டீசல் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
இரவில் பக்கத்து வீட்டுக்குப் போய்வருபவன் மாதிரி
அரவமில்லாமல்.
ஐந்து லிட்டர் கொள்ளும் சட்டியிலிருந்து
ஏழு லிட்டர் வடிந்தது.

புது பம்ப், புது ஆயில், புது ஃபில்டர்.
சூட்டில் பதினெட்டு.
முப்பது வரவில்லை. இனி வராது.
தண்ணியாய் ஓடிய நாட்கள்
பேரிங்கில் கொஞ்சம் தின்றிருக்கின்றன.
எத்தனை நாள் அம்புரோஸுடையவை,
எத்தனை நாள் என்னுடையவை,
தெரியாது.

அவனே ஒருநாள் போன் செய்தான்.
"வண்டி எப்படி ஓடுது?"
"பல்பு எங்கண்ணே?"
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"அது எரிஞ்சிக்கினே இருந்துச்சு.
வூட்டுல வண்டியில ஏறவே பயந்தாங்க.
அதான் புடுங்கிட்டேன்."
திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம்
எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.
ஐஸ் வேறு உருகிக்கொண்டிருந்தது.
வைத்துவிட்டேன்.

மூன்றரை மணி.
சாவி, முதல் தட்டு.
சிவப்பு என் முழங்கை வரை விழுகிறது.
அணையும்வரை
கியரைத் தொடுவதில்லை.